மாரி தொடங்க நடவும்

புரொக்கோலியை எப்போது நடவேண்டும் என்று சிட்னி, செவன் ஹில்ஸில் எந்தத் தமிழருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். கோயிலில் கேட்பார்கள், கடையில் கேட்பார்கள், செத்த வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். இப்போது யாராவது கேட்டால் மாதத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். வாயை மூடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னோடு ஐந்து நிமிஷம் கதைத்த எவருக்கும் தெரியும்.

நான் தோட்டம் எங்கும் போய்ப் படித்தவள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் பிஸ்கட் பெட்டி அடுக்கின கை இது. வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்லைக் கிளறி நானாகத்தான் பழகினேன். முதல் வருஷம் எல்லாவற்றையும் புழு தின்றது. இரண்டாம் வருஷம் நான் அள்ளிக் கொட்டின கோழி எரு வேரை எரித்தது. மூன்றாம் வருஷம்தான் எங்கள் சாப்பாட்டுக் கோப்பைக்கு ஏதோ வந்தது. தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்ற வியட்நாம்காரி ஒருநாள், "முட்டைக்கோவாவும் இதுவும் அக்கா தங்கச்சி, குளிர் பட்டால்தான் இரண்டும் முகத்தைக் காட்டும்" என்றாள். அவளுடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் சேர்ந்து அப்படித்தான் எனக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்து கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். அது என் பழக்கம். ஆர் என்ன வடிவாகச் சொன்னாலும் எழுதி, குசினி மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டுவிடுவேன். மனிதருடைய வாயில் இருந்து வருகிற சொல்லில் எனக்கு அப்படி ஒரு ஆசை. என் வாயில் இருந்து என்ன வருகிறது என்று நான் எழுதிப் பார்த்ததில்லை.

என் தம்பி எனக்குப் பத்து வயசு இளையவன். அவன் இந்த நாட்டுக்கு வந்த வழியைப் பற்றி எழுதவேண்டாம் என்று கேட்டிருக்கிறான், அதனால் எழுதவில்லை. அதற்கு முதல் எட்டு வருஷம் அரபு நாட்டில் ஒரு வீட்டுக்கு ட்ரைவர். வந்த பிறகு மெல்பேர்னில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் பாத்திரம் கழுவினான். மனுசியும் மகளும் யாழ்ப்பாணத்தில். மகளுக்கு அப்போது பத்து வயசு. என்னோடு போனில் கதைத்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"மாமி, உங்கட அங்க பள்ளிக்கூடச் சட்டை என்ன நிறம்?"

"எங்கட வீட்டுக்குக் கிட்ட இருக்கிறதில பச்சைக் கட்டம், குஞ்சு."

"பச்சை எனக்கு வடிவோ மாமி?"

"உனக்கு எது வடிவில்லை!"

அந்தப் பச்சைக் கட்டச் சட்டைக்குத்தான் தம்பி பாலைவனத்துக்குப் போனான். சிட்னியிலிருந்து மேற்கே ஒரு பகல் முழுக்கக் கார் ஓடினால் வருகிற ஊர். சிவப்பு மண். ஆற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் திராட்சையும் தோடையும், அதுதான் ஒரேஞ்சும், வளர்க்கிறார்கள். குழாய் நிற்கிற இடத்தில் பச்சையும் நிற்கும், அதற்கு அங்கால் ஒன்றுமில்லை. அப்படி ஒரு தோட்டத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. அவனுடைய விசாப் பேப்பர் அடுத்த வருஷம் ஓகஸ்டில் முடிகிறது. முதலாளி கையெழுத்து வைத்தால் அவன் நிற்கலாம், நின்றால் பிள்ளையையும் தாயையும் கூப்பிடலாம். கையெழுத்து இல்லையென்றால் ஒன்றுமில்லை.

முதலாளி வயசான வெள்ளைக்காரர். தம்பியிடம் அவர் சொன்னதை அவன் எனக்கு அப்படியே நடித்துக் காட்டினான். "வெட்டுறதுக்கும் பொறுக்கிறதுக்கும் எனக்கு ஆள் வரும். ஒரு பயிரைத் தன்ர பாட்டில பாக்கிற ஆள்தான் இல்லை. கொட்டிலுக்குப் பக்கத்துக் காணித் துண்டை எடு. தண்ணி தாறன், குழாய் தாறன். என்ன போடுறது எப்ப போடுறதெல்லாம் உன்ர பாடு. ஒரு மரக்கறி எடுத்துக் காட்டு, பேப்பரில கையெழுத்து வைக்கிறன்."

"என்ன போடப்போறாய்?" என்று கேட்டேன்.

"புரொக்கோலி அக்கா. உங்கட வீட்டில நீங்கள் தேங்காய்ப்பூ போட்டு வறை செய்து தந்தனீங்கள், அது நாக்கில நிக்குது. இங்க ஊர் மோட்டல்காரரும் வாங்குவினமாம். எப்ப நடுறது?"

அது ஓகஸ்ட் மாதம். நான் குசினிக் கதிரையில் இருந்து வெண்டைக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்தவள் மாதிரி, தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்:

"இப்ப நடாதை. இனி வெயில் வரப்போகுது. மாரி தொடங்கேக்க நடு. சூடான இடத்தில வெயிலுக்கு நட்டியெண்டால் அது காய் பிடியாது ராசா, பூத்துப்போடும்."

"மாரிக்குத்தானே?"

"மாரிக்குத்தான். வேற பேச்சில்லை."

அதோடு விட்டிருந்தாலும் ஒருவேளை அவன் இன்னொரு ஆளைக் கேட்டிருப்பான். நான் விடவில்லை. ஹார்ட்வெயார் கடையில் பெரிய பைக்கற் ஒன்று வாங்கினேன். அதன் பின்பக்கம் முழுக்கப் பொடி இங்கிலீஷ் எழுத்து. இவன் இதை வாசித்துக் குழம்பக்கூடாது என்று, விதையைப் பழைய கடித உறை ஒன்றுக்குள் கொட்டி, மேலே குண்டு எழுத்தில் எழுதினேன்: "புரொக்கோலி. மாரி தொடங்க நடவும். வெயிலுக்கு ஆகாது." உறையைத் தபாலில் போட்டேன். பைக்கற்றை மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டேன். தம்பிக்கு வேலையைச் சுலபமாக்கிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குப் பெரிய சந்தோஷம்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கதைத்தோம். கதைத்தோம் என்பது பொய், நான் கதைத்தேன். என் முழங்கால் நோ, ஹெலன்ஸ்பர்க் கோயிலில் ஆர் ஆரோடு கதைக்கவில்லை, பக்கத்து வீட்டு நாய். அவன் "ஓம் அக்கா, ஓம்" என்பான். நடுவில் எங்கேயாவது, "ஒரு சாமான் இருக்கு, பேந்து காட்டுறன், பொறுங்கோ" என்பான். எனக்கு ஆச்சரியம் தரப்போகிறானாம். என்ன சாமான் என்று நான் ஒருதரம் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிறு பின்னேரம் அவன் வீடியோவில் வந்தான். எனக்கு முன்னால் பக்கத்துத் தெருப் பிள்ளை இருந்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதி. என்னிடம் கறிவேப்பிலை பிடுங்க வந்தவள். போனைச் சுவரில் சாய்த்து வைத்தேன், அவளும் பார்க்கட்டும் என்று. தம்பி தலையில் துவாயைக் கட்டியிருந்தான். காற்று இரைந்தது.

"அக்கா, இஞ்ச பாருங்கோ."

போனைத் திருப்பினான். சிவந்த மண்ணில் நூல் பிடித்தது போல வரிசை. அவ்வளவு நேரான வரிசையை நான் என் வாழ்க்கையில் நட்டதில்லை. முழங்கால் உயரச் செடி. இலை எல்லாம் பொரித்த அப்பளம் மாதிரிச் சுருண்டிருந்தது. நடுவில் பச்சைத் தலை இருக்கவேண்டிய இடத்தில், ஒன்று தவறாமல் எல்லாச் செடியிலும், மஞ்சள் பூ.

"பூத்திட்டுது அக்கா. இப்பிடிப் பூத்துத்தான் பேந்து பிடிக்கிறதோ?"

அந்தக் குரலில் இருந்த ஆசையை நான் எந்தத் தாளில் எழுதிவைப்பது?

"எடேய், எப்ப நட்டனி?"

"ஐப்பசியில."

"ஐப்பசியிலயோ! உனக்கென்ன விசரோ? ஆர் உனக்குச் சொன்னது?"

அவன் கொட்டிலுக்குள் போனான். திரும்பி வந்து உறையைக் கமராவுக்கு முன்னால் பிடித்தான். என் குண்டு எழுத்து.

"நீங்கள்தானே அக்கா."

கோயம்புத்தூர்ப் பிள்ளை எட்டிப் பார்த்தாள். "மாரின்னா எங்க ஊர்ல அம்மன்க்கா. நீங்க எதைச் சொல்றீங்க?"

"விண்டரை."

"அப்ப விண்டர்னே எழுதியிருக்கலாமே அக்கா."

அவள் சொன்னது சரி. நல்ல பிள்ளை, என் பிரஷரையும் பார்த்துவிட்டுத்தான் போவாள். ஆனாலும் அன்றைக்கு அதை அவள் சொன்னதற்காக இன்னும் எனக்கு அவளில் கோபம்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம் ஜூன் மாதக் குளிரில் பல் அடிக்க நான் "மாரி தொடங்கீட்டுது" என்றேன். என் மனுசன் சிரித்தார். பிறகு இவரும் அப்படியே சொல்லத் தொடங்கினார். தடிச்ச போர்வை எடுப்பது மாரிக்கு, ஹீட்டர் போடுவது மாரிக்கு. முப்பது வருஷம் சொல்லிச் சொல்லி, எங்கள் வீட்டில் மாரி என்றால் ஜூன், ஜூலை. ஆனால் யாழ்ப்பாணத்தில் மாரி என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வெயிலில் காய்ந்து கிடந்த நிலத்தில் மழை விழுகிற காலம். அது எனக்கும் தெரியும், தெரியாதென்று சொல்லமுடியாது. ஒரே சொல்லுக்கு என் தலைக்குள் இரண்டு கலண்டர் தொங்கியது. தம்பிக்கு இருந்தது ஒன்று.

அவனும் யோசிக்காமல் செய்யவில்லை. முதலாளியிடம் மழை எப்போது என்று கேட்டிருக்கிறான். வந்தால் நவம்பரில் இடியோடு வரும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அரபு நாட்டில் அவன் இருந்த வீட்டின் தோட்டக்கார மலையாளி ஒக்டோபரில்தான் புரொக்கோலி நடுவாராம். "மணலுக்குள்ள என்ன வடிவா வந்தது தெரியுமோ அக்கா. பாலைவனத்துக்கு ஒக்டோபர்தான் எண்டு நான் கண்ணால கண்டனான்." அங்கே ஒக்டோபருக்குப் பிறகு குளிர் வருகிறது. இங்கே ஒக்டோபருக்குப் பிறகு நெருப்பு வருகிறது. யாழ்ப்பாணம் சொன்னது, அரபு நாடு சொன்னது, முதலாளியின் மழை சொன்னது, எல்லாவற்றுக்கும் மேலே அக்கா எழுதியே தந்திருக்கிறாள்.

"டிசம்பர் இஞ்ச சூடெண்டு உனக்குத் தெரியாதோ?" என்று கேட்டேன். தப்பை அவன் பக்கம் தள்ளப் பார்த்தேன், ஒளிக்கவில்லை.

"தெரியும் அக்கா. நடேக்கயே முதுகு எரிஞ்சது. ஆனா நீங்கள் சொன்னனீங்கள். சொன்னால் அதில ஏதோ காரணம் இருக்குமெண்டு நினைச்சன்."

அடுத்த நாள் அதே ஹார்ட்வெயார் கடைக்குப் போய் அதே பைக்கற்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். பத்து வருஷமாக வாங்குகிறேன், அதை வாசித்தது அன்றைக்குத்தான். சின்னதாக ஒரு அவுஸ்திரேலியாப் படம், கலர் கலராக. பாலைவனத்துக்கு ஒரு கலர், அதற்கு நேரே மார்ச் முதல் மே வரை என்று போட்டிருந்தது. பெப்ரவரிக் கடைசியில் நிழலுக்குள் தட்டில் விதை போடவேண்டும். இரவு குளிரத் தொடங்க, மார்ச் கடைசியில் நிலத்துக்கு மாற்றவேண்டும். ஜூலைக்குள் வெட்டிவிடலாம், திரும்ப வெயில் வருவதற்குள். அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லக்கூடியது. வெண்டைக்காய் வெட்டுவதை ஒரு நிமிஷம் நிறுத்தியிருந்தால் சொல்லியிருப்பேன்.

கடைக்குள் நின்றபடியே தம்பிக்குப் போன் அடித்தேன். "எல்லாம் முடியேல்லை. மார்ச்சில திரும்ப நடு. ஓகஸ்டுக்கு முதல் வெட்டலாம். முதலாளியைக் கேள்."

கேட்டான். முதலாளி மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாராம். இரண்டு மாதம் முழுக்கத் தண்ணீர் விட்டு மஞ்சள் பூ வளர்த்திருக்கிறாய், இன்னொருதரம் தண்ணீர் தரமுடியாது என்றாராம்.

"அவருக்கு முதலே தெரியும் அக்கா," என்றான் தம்பி. "நான் நடேக்க வேலியில கையை ஊண்டிக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டவர். 'சரியோ?' எண்டு கேட்டனான். 'உன்ர துண்டு' எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார்."

இதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ பற்றியது. ஒரு மனுசன் பிழையான மாதத்தில் நடுகிறான், அது பிழை என்று தெரிந்த இன்னொரு மனுசன் வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். சோதினையாம். நான் சொல்லக்கூடாததைச் சொன்னேன், அவர் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளையின் பச்சைச் சட்டை.

தம்பியிடம் நம்பரை வாங்கி நானே முதலாளிக்கு அடித்தேன். கதைத்து ஆளை மடக்குவதில் எனக்கு நம்பிக்கை அதிகம். மரியாதையாகத்தான் கதைத்தார். என் தம்பி நல்ல வேலைக்காரன் என்றார். நான் மாரியை விளங்கப்படுத்தத் தொடங்கினேன். எங்கள் மொழியில் ஒரு சொல் இருக்கிறது, அது மழை, ஆனால் இங்கே குளிர், ஆனால் அங்கே குளிர் இல்லை, காற்று மட்டும்... நான் சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. அவர் கடைசிவரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்படியென்றால் ஒரு சொல்லால் வந்த பிரச்சினையா?" என்றார்.

"ஓம். ஒரு சொல்லால்."

"நான் அவரிடம் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான் அம்மா. எப்போது நடுவது என்று கண்டுபிடிக்கவேண்டும். அவர் மண்ணைப் பார்க்கவில்லை, உங்களைக் கேட்டார்."

அவரைத் திட்டிப் போனை வைத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. "தாங்க் யூ" சொல்லித்தான் வைத்தேன்.

கதை எப்படிப் பரவியது என்று தெரியவில்லை. தெரியாமல் என்ன, கோயம்புத்தூர்ப் பிள்ளையை விட்டால் அதைப் பத்துப் பேருக்குச் சொன்னவள் நான்தான். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. தைப்பூசத்துக்கு ஹெலன்ஸ்பர்க் போனபோது, சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு அங்கிள், "புரொக்கோலியால விசா போன ஒரே ஆள் எங்கட அன்ரியின்ர தம்பிதான்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பவில்லை, புளிச்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி நின்றேன். நன்றாகச் சொல்லப்பட்ட வசனம். வேறு ஆருடைய தம்பியையாவது பற்றி என்றால் வீட்டுக்கு வந்ததும் எழுதி லாச்சிக்குள் போட்டிருப்பேன்.

அதன்பிறகு தம்பி திராட்சை வெட்டி முடித்தான், தோடை பிடுங்கி முடித்தான். வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தான். வக்கீல் ஒருவரையும் பார்த்தோம், அவர் பேப்பர்களைப் புரட்டிவிட்டுத் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஓகஸ்டில், யாழ்ப்பாணம் திரும்பிப் போகுமுன், தம்பி எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று நாள் நின்றான். என் தோட்டத்தில் புரொக்கோலி வெட்டுகிற பருவம். ஒவ்வொன்றும் என் முகத்தளவு பெரிசு. எந்த முகத்தோடு அதை அவனுக்குச் சமைத்துப் போடுவது? மூன்று நாளும் கத்தரிக்காய், பூசணிக்காய் என்று ஒப்பேற்றினேன். போகிற நாள் காலையில் அவனே கத்தியோடு தோட்டத்துக்குப் போய் ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து குசினி மேசையில் வைத்தான்.

"வறை செய்யுங்கோ அக்கா. இனி எப்ப சாப்பிடப்போறன்."

செய்தேன். தேங்காய்ப்பூ நிறையப் போட்டு. சாப்பிட்டான். நான் தொடவில்லை.

எயார்போட்டில் உள்ளுக்குப் போகிற வாசலுக்குக் கிட்ட நின்று, சட்டைப் பையில் இருந்து அந்த உறையை எடுத்தான். நாலாக மடித்திருந்தது. எனக்குத் திருப்பித் தரப்போகிறான் என்று நினைத்தேன். கையை நீட்டியும் விட்டேன்.

"மிச்சம் கொஞ்சம் கிடக்கு அக்கா. நான் கொண்டுபோறன்."

"உந்த உறையைத் தூக்கி எறி ராசா. நான் வேற நல்ல விதை..."

"ஏன் எறிவான்? அங்க இந்த எழுத்துச் சரிதானே."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. அவன் ஒருநாளும் குத்திக்காட்டினவன் இல்லை. உண்மையைத்தான் சொன்னான், விதை வீணாகக்கூடாது என்று. உறையைத் திரும்ப மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "போட்டு வாறன் அக்கா" என்றான். எங்கள் ஆட்கள் எந்த வாசலில் நின்றும் அப்படித்தான் சொல்லுவார்கள். நானும் "ஓம், போட்டு வா" என்றேன். இவர் கார் பார்க்கில் காத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வரும்வரைக்கும் நான் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இவர் பயந்து, நடுவில் காரை நிறுத்தி எனக்குத் தண்ணீர் வாங்கித் தந்தார்.

ஒக்டோபரில் ஒருநாள் மத்தியானம் தம்பி வீடியோவில் வந்தான். அங்கே காலை. எனக்கு இங்கே வேர்த்து வடிந்துகொண்டிருந்தது. போனுக்குள் ஒரே இரைச்சல், தகரத்தில் கல்லைக் கொட்டுவது மாதிரி.

"என்னடா சத்தம்?"

"மழை அக்கா. மாரி தொடங்கீட்டுது."

நான் "ஓம்" என்றேன். அவன் போனைத் திருப்பி வாழை மரத்தடியைக் காட்டினான். நாலைந்து தட்டு, அதில் பொட்டுப் பொட்டாகப் பச்சை. அவனுக்குப் பின்னால், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டியும் போட்டுக்கொண்டு, குடையைத் தேடியபடி மகள் அங்கும் இங்கும் ஓடினாள். என்னைக் கண்டு கையைக் காட்டினாள். "மாமி, நேரம் போச்சு, பேந்து கதைக்கிறன்" என்றாள்.

சட்டை என்ன நிறம் என்று அவள் கேட்கவில்லை.